ரத்த வாட்ச்

போன மாதம் திருப்பதியில் புதிய ரக்பி நடுவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது எல்லாம் டேப்லெட் ஆகிவிட்டது. ஆட்டக்காரி வெளியே போனால் அவள் நம்பரைத் தொட்டால் போதும். மீதி நேரத்தை அதுவே எண்ணி, முடியும் தறுவாயில் அதுவே கத்தும். ஒரு பெண் எழுந்து, இது வருவதற்கு முன்னால் எப்படி சார் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டுதான் என்றேன். தப்பே வராதா என்றாள். நான் வேறு எதையோ பேசி மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த மழுப்பல் உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பிச்சாட்டூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன். ஊர் நகரி. நைனாவுக்கு நான்கு பவர்லூம் இருந்தது. தறிச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாத வீடு. வெளியே ஓடினால்தான் காது திறக்கும் என்பதற்காகவே நான் கபடி ஆடப் போனேன் என்று சொன்னால் பாதி உண்மை. ஆடியது கொஞ்ச காலம். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல், இந்தப் பக்கம் எந்த ஊரில் கபடி நடந்தாலும் நேரம் பார்க்கிற மேசையில் நான்தான்.

அந்த மேசையில் நான் கற்ற பாடம் நாராயணவனத்தில். கல்யாண உற்சவத்தை ஒட்டி நடந்த போட்டி, இறுதி ஆட்டம். பாடிக்கொண்டு போனவனுக்கு முப்பது நொடி. நடுவர் கையைத் தூக்கி நேரத்தை நிறுத்தச் சொன்னார். நான் அமுக்குவதற்குள் கண் இமைக்கிற நேரம் தாமதமாகிவிட்டது. அந்த ஒரு இமைப்பில் புள்ளி யாருக்கு என்று இரண்டு ஊர்க்காரர்கள் மோதிக்கொண்டார்கள். மேசை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் சட்டையைக் கிழித்தவன் அடுத்த வாரம் வந்து மன்னிப்புக் கேட்டான் என்பது வேறு கதை. அன்று முதல் நான் வீட்டில் டி.வி. பார்க்கும்போதுகூட கையில் வாட்ச் வைத்துக்கொண்டு பழகினேன். திரையில் எவனாவது கையைத் தூக்கினால் கட்டைவிரல் அமுக்க வேண்டும். மூளைக்குச் செய்தி போய் வருகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. மூன்றே மாதத்தில் என் இரண்டு கட்டைவிரலும் என்னைக் கேட்காமலேயே வேலை செய்ய ஆரம்பித்தன. அதில் எனக்குப் பெருமை வேறு.

ரக்பி எங்கள் பள்ளிக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. பந்து உருண்டையாக இல்லாததை முதலில் நான் மன்னிக்கவே இல்லை. ஆனால் எங்கள் பெண்கள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடின ஓட்டத்தைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. விதிகளைப் படித்தேன். சித்தூரில் நடுவர் வகுப்பு என்றதும் பேர் கொடுத்தேன்.

அங்கேதான் சுகுணா மேடத்தைப் பார்த்தேன். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர், பழைய ஓட்டக்காரர். மேசை வேலை பார்க்கிற எங்கள் எல்லோருக்கும் மேலாளர். அவரிடம் திட்டு வாங்கியவர் யாரும் கிடையாது, பாராட்டு வாங்கியவரும் கிடையாது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவர் பென்சிலையும் வாங்கித் தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். கோடு விழுந்தால் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான். ஏதாவது சிக்கல் என்று போனால் கதை கேட்க மாட்டார். சாதாரணமாகத் தமிழில் பேசுகிறவர், சிக்கல் என்றதும் தெலுங்குக்கு மாறுவார். "டைம் செப்பு சார்." நேரத்தைச் சொல், அதற்குப் பிறகு மற்றது. நீங்கள் நேரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் என்ன செய்வது என்று முடிவு செய்திருப்பார்.

என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, வெளியே ஒரு மேசை இருக்கும். யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்பது அந்த மேசையைத் தாண்டித்தான். அங்கே உட்காருகிறவரை நாலாம் நடுவர் என்பார்கள். அவருடைய அனுமதி இல்லாமல் ஒருத்தர் உள்ளே காலை வைக்க முடியாது.

இதில் ரத்தம் வந்தவர்களுக்குத் தனி விதி. ரத்தத்தோடு ஆடக் கூடாது. வெளியே வந்து, நிறுத்தி, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பலாம். அதுவரை மாற்று ஆட்டக்காரர் அந்த இடத்தில் ஆடலாம். ஆனால் பதினைந்து நிமிடத்துக்குள் திரும்பி வந்து மேசைக்கு முன் நிற்க வேண்டும். தாண்டினால் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. இந்தப் பதினைந்து நிமிடம் சுவர்க் கடிகாரத்து நிமிடம். நடுவர் ஆட்ட நேரத்தை நிறுத்தினாலும் இது நிற்காது.

ஆக எனக்கு இரண்டு வாட்ச். இடது கையில் ஆட்ட வாட்ச். நடுவர் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், ஆட்டம் தொடங்கினால் ஓட விட வேண்டும். வலது கையில் நாங்கள் ரத்த வாட்ச் என்று சொல்வது. அதை ஒருமுறை ஓடவிட்டால் பிறகு தொடவே கூடாது.

இந்த இடத்தில் என் இருபது வருடப் பெருமை எனக்கு எதிராக நின்றது. சித்தூர் வகுப்பில் சுகுணா மேடம் நடுவர் மாதிரி எங்கள் முன் நின்று கையைத் தூக்கினார். இடது வாட்ச்சை மட்டும் நிறுத்த வேண்டும். நான் இரண்டையும் நிறுத்தினேன். மறுபடி தூக்கினார். மறுபடியும் இரண்டு. ஐந்து முறை முயன்றதில் நான்கு முறை வலது கட்டைவிரல் தானாக அமுங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில், கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஜிப் வைத்த சின்னத் துணிப்பை ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார். ரத்த வாட்ச்சை ஓடவிட்டதும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும். என் ஒருவனுக்காகச் செய்ததை எல்லோருக்குமாகக் கொடுத்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான்கு வருடம் பை இல்லாமல் நான் மேசைக்குப் போனதில்லை. தப்பு ஒன்றும் வரவில்லை. தப்பு வராமல் இருந்தது பையால் என்பதை மறந்து, என்னால் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் ஆசிய நாடுகளின் பெண்கள் போட்டி திருப்பதிக்கு வந்தது. நான்கு நாட்டு அணிகள். முதலிடம் பிடிக்கிற அணி அடுத்த வருடம் மேல் பிரிவில் ஆடும், மற்றவை அதே பிரிவில் கிடக்க வேண்டியதுதான். கடைசி நாள் கடைசி ஆட்டம் நம் அணிக்கும் ஒரு சின்ன நாட்டு அணிக்கும். அந்த நாட்டின் பேர் இங்கே வேண்டாம். மஞ்சள் ஜெர்சி போட்டிருந்தார்கள், மஞ்சள் அணி என்றே சொல்கிறேன். அவர்களிடம் காசும் இல்லை, ஆளும் குறைவு. அவர்களுக்கு எல்லாமே அவர்களுடைய கேப்டன், பத்தாம் நம்பர். பந்தை எந்தப் பக்கம் கொண்டு போவது என்பதும் அவள்தான், இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பதும் அவள்தான்.

அந்த ஆட்டத்துக்கு மேசை எனக்கு என்று தெரிந்ததும் புத்தூரில் ஒரு கோட்டு தைத்துக்கொண்டேன். மேசைக்கு நேர் எதிரில் கேமரா வேறு வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் துணிப்பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். சோற்றுப் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிற பையன் மாதிரி இருந்தது. கழற்றி மேசைக்கு அடியில் போட்டுவிட்டேன். இதைச் சுகுணா மேடம் பார்க்கவில்லை. அவர் மைதானத்தின் அந்தப் பக்கம் நடுவர்களோடு, காதில் ஒலிக்கருவியோடு நின்றுகொண்டிருந்தார். அவரோடு பேச மேசையில் எனக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தது.

என் பக்கத்தில் புள்ளி எழுதுகிற வேலைக்கு முனிரத்தினம். நகரிக்காரன், என்னோடு கபடி மேசையில் இருந்தவன். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, போட்டி என்றால் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவான். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. நம் அணி இரண்டு புள்ளி முன்னால். ஒரு மோதலில் மஞ்சள் கேப்டனின் புருவம் கிழிந்துவிட்டது. கண் தெரியாத அளவுக்கு ரத்தம். நடுவர் அவளை வெளியே அனுப்பினார். அவள் கோட்டைத் தாண்டியதும் ரத்த வாட்ச்சை ஓடவிட்டேன். தாளில் எழுதினேன்: பத்தாம் நம்பர், ரத்தம், வெளியே 4.41. அவளுக்குப் பதிலாக இருபத்திரண்டாம் நம்பர் உள்ளே போனாள். பத்தொன்பது வயதுதான் இருக்கும். ஓடும்போதே ஜெர்சியின் கையைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

மஞ்சள் அணியின் டாக்டர், கூடாரத்தில் அவளை உட்கார வைத்து வேலையை ஆரம்பித்தார். சில நிமிடத்தில் நம் அணிப் பெண் ஒருத்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நடுவர் கையைத் தூக்கினார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கழுத்து என்பதால் யாரும் அவசரப்படவில்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. நல்லவேளையாக அவள் எழுந்து நடந்தே வந்தாள், மைதானமே கைதட்டியது. நடுவர் மறுபடி கையைக் காட்ட, ஆட்டம் தொடர்ந்தது.

விதிப்படி ரத்த வாட்ச் பத்து நிமிடத்தைத் தொட்டதும் அந்த அணிக்குக் குரல் கொடுக்க வேண்டும். வாட்ச்சில் பத்து வந்தது. நான் எழுந்து நின்று கூடாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் இருக்கிறது என்று ஐந்து விரலையும் காட்டினேன். டாக்டர் தலையசைத்தார். புருவத்தில் இன்னும் இரண்டு தையல் போட நேரம் இருக்கிறது என்று அவர் இரண்டு விரலைக் காட்டிக் கேப்டனிடம் சொன்னது எனக்கே புரிந்தது.

வாட்ச்சில் பதிமூன்றே முக்கால் நிமிடம் ஆனபோது அவள் என் மேசைக்கு முன் வந்து நின்றாள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. ஜெர்சியை மாற்றியிருந்தாள். வாட்ச்சைப் பார்த்தேன், கட்டைப் பார்த்தேன், ரத்தம் இல்லை. அடுத்ததாகப் பந்து கோட்டுக்கு வெளியே போனபோது அவளை உள்ளே அனுப்பினேன். இருபத்திரண்டாம் நம்பர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டாள். ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

தாளை நிரப்ப உட்கார்ந்தேன். திரும்பியது என்ற கட்டத்தில் மேசைக் கடிகாரத்தைப் பார்த்து 4.58 என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில்தான் 4.41 இருந்தது.

முதலில் கழித்தலில் ஏதோ பிசகு என்று நினைத்தேன். விரல் விட்டு எண்ணினேன். பதினேழு. மேசைக் கடிகாரம் தவறோ என்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் அதையே காட்டியது. வலது உள்ளங்கையைத் திறந்து ரத்த வாட்ச்சைப் பார்த்தேன். கட்டைவிரல் பொத்தான் மேலேயே உட்கார்ந்திருந்தது. அப்போது விளங்கிவிட்டது. நடுவர் கையைத் தூக்கியபோது இரண்டையும் நிறுத்தியிருக்கிறேன். ஆட்டம் தொடங்கியபோது இரண்டையும் ஓடவிட்டிருக்கிறேன். சித்தூரில் செய்த அதே வேலை. எனக்கு அது தெரியவே இல்லை. கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது.

முனிரத்தினமும் தாளைப் பார்த்துவிட்டான். அவனுக்கும் கழிக்கத் தெரியும். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னான்.

"விடுண்ணா. பென்சில்தானே, அம்பத்தஞ்சுன்னு மாத்திடு. இப்போ போய் அவள வெளிய இட்டுக்கினு வந்தா இன்னா பேசுவானுங்க தெரியுமா? நம்ம ஊரு ஆளு, நம்ம டீம் ஜெயிக்கணும்னு வெளியூரு பொண்ண தூக்கிட்டான்னு பேசுவானுங்க. நீ உண்மைதான் சொல்றேன்னு எவன் நம்புவான்?"

அவன் சொன்னது அத்தனையும் சரி. வழக்கமாக, மறைப்பதுதான் சொந்த அணிக்குச் சாதகமாக இருக்கும், உண்மையைச் சொல்வதுதான் நியாயமாகத் தெரியும். இங்கே எல்லாம் தலைகீழ். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நேர்மையான ஆள். உண்மையைச் சொன்னால் சொந்த ஊரில் வைத்து விருந்தாளியை ஏமாற்றியவன். அதைவிடப் பெரிது ஒன்று இருந்தது. ஐந்து நிமிடம் இருக்கிறது என்று நான்தான் விரலைக் காட்டினேன். காட்டும்போது உண்மையில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. நான் சரியாகச் சொல்லியிருந்தால் அந்த டாக்டர் தையலை விட்டுவிட்டு இறுக்கிக் கட்டி அனுப்பியிருப்பார், அவள் ஓடிவந்து நின்றிருப்பாள். தப்பு என்னுடையது, தண்டனை அவளுக்கு. இதை எந்த வாயால் சொல்வது.

ரப்பரை எடுத்தேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன், எடுத்தேன். 4.58இல் எட்டின் மேல் வைத்தேன்.

அதே நேரம் விசில் கேட்டது. நம் அணி செய்த தவறுக்கு மஞ்சள் அணிக்குப் பெனால்டி. கம்பத்துக்கு நேராக, கிட்டத்தில். மஞ்சள் கேப்டன் யோசிக்கவே இல்லை, கம்பத்தைக் காட்டினாள். உதைக்கப் போகிறாள் என்று அர்த்தம். அந்தத் தூரத்தில் அவள் தவறவிட்டதை அந்தப் போட்டி முழுவதும் யாரும் பார்க்கவில்லை. மூன்று புள்ளி. அவர்கள் முன்னால் போய்விடுவார்கள். கம்பத்தைக் காட்டியதிலிருந்து உதைப்பதற்கு அறுபது நொடி. பெரிய பலகையில் அறுபது, ஐம்பத்தொன்பது என்று இறங்க ஆரம்பித்தது.

உதைத்துவிட்டாள் என்றால் ஆட்டத்தில் இருக்கவே கூடாத ஒருத்தி எடுத்த புள்ளியாக அது தாளில் ஏறிவிடும். அதற்குப் பிறகு நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்த ஆட்டம் அழுகின ஆட்டம். சொல்வதென்றால் இந்த அறுபது நொடிக்குள்தான்.

அவள் பந்தை நிறுத்தினாள். நாற்பத்தைந்து. பின்னால் நான்கு அடி வைத்தாள். கட்டுக்கு மேல் கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். முப்பத்தெட்டு. கூட்டம் ஊளையிட்டது. முனிரத்தினம் மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்திப் பிடித்தான். ஒலிக்கருவியின் பொத்தானை அமுக்கும்போது இந்த விரலும் கட்டைவிரல்தான் என்று ஒரு எரிச்சல் வந்தது, அது இன்றும் நினைவிருக்கிறது.

"மேடம், மேசை. பத்தாம் நம்பர் இருக்கக் கூடாது. ரத்த நேரம் தாண்டிடுச்சு."

மேடம் தெலுங்குக்கு மாறினார்.

"டைம் செப்பு சார்."

"வெளிய நாலு நாப்பத்தொண்ணு. உள்ள நாலு அம்பத்தெட்டு. வாட்ச நானே நிறுத்திட்டேன்."

"பை எக்கட?"

பை எங்கே என்று கேட்டார். மேசைக்கு அடியில் என்றேன். அதற்கு மேல் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நடுவரிடம் பேசுவது கேட்டது. பலகையில் பதினாறில் எண் நின்றது.

நடுவர் கேப்டனைக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மேசையைப் பார்த்தாள். கூட்டத்துக்கு விஷயம் எட்டியதும் ஒரு சத்தம் எழுந்தது. நம் ஜனங்கள் சந்தோஷத்தில் போட்ட சத்தம். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கைதட்டலை நான் வாங்கியதில்லை. எனக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அவர்கள் அணி தப்புச் செய்யவில்லை என்பதால் பெனால்டி அவர்களிடமே இருந்தது. உதைப்பவள் மட்டும்தான் மாற வேண்டும். இருபத்திரண்டாம் நம்பர் மேல்கோட்டை உதறிவிட்டு ஓடினாள். கேப்டன் எதிரில் வந்து அவள் தோளைப் பிடித்து ஏதோ சொன்னாள். பிறகு நேராக என் மேசைக்கு வந்தாள். ஆங்கிலத்தில், தட்டுத் தடுமாறி, ஆனால் சத்தம் போடாமல் கேட்டாள்.

"நீங்கள்தானே ஐந்து நிமிடம் என்றீர்கள்?"

ஆமாம் என்றேன். என் தப்பு என்றேன். அவள் இன்னும் எதற்கோ காத்திருந்தாள்.

இருபத்திரண்டாம் நம்பர் உதைத்தாள். பந்து கம்பத்துக்கு வெளியே, ஒரு முழம் இடது பக்கமாகப் போனது. அந்தப் பெண் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். மீதி ஒன்பது நிமிடமும் நம் பெண்கள் பந்தை விடவே இல்லை. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் நாம் ஜெயித்தோம்.

சுகுணா மேடம் மைதானத்தைச் சுற்றி நடந்து வந்தார். என் எதிரில் நின்று உள்ளங்கையை நீட்டினார். ரத்த வாட்ச்சை வைத்தேன். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து பையை அவரே எடுத்தார், வாட்ச்சை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தார். "ரிப்போர்ட் நீங்களே எழுதுங்க சார். ஐந்து விரல் காட்டினதையும் எழுதுங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தாளைப் பார்த்தபோது 4.58இல் எட்டின் மேல் பாதி ரப்பர் தேய்ந்த அடையாளம் இருந்தது. அதை மேடமும் பார்த்தார். தன் பென்சிலால் அந்த எட்டின் மேல் அழுத்தி எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

தாளில் இரண்டு அணி மேலாளர்களும் கையெழுத்திட வேண்டும். மஞ்சள் அணி மேலாளர் பேனாவைத் தொடவே மறுத்தார். உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து செய்த வேலை என்று நேராகவே சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்போது கேப்டன் வந்து தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். 4.41இல் விரலை வைத்தாள். 4.58இல் வைத்தாள். உதடு அசைய எண்ணினாள். தேய்ந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி என் கோட்டையும் என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் மேலாளரிடம் அவர்கள் மொழியில் ஏதோ நான்கு வார்த்தை சொல்லிப் பேனாவை அவர் கையில் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

விதிப்படி முடிவு மாறவில்லை. என் அறிக்கையைப் படித்துவிட்டு அந்த வருடம் முழுக்க என்னை மேசையில் உட்கார வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த வருடம் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு கபடி மேசைக்கும் போகவில்லை.

அந்த வருடமே பள்ளியிலும் ஓய்வு. பிரிவு விழாவுக்கு ஊர்ப் பெரியவர்களெல்லாம் வந்தார்கள். ஒருவர் சால்வையைப் போர்த்திவிட்டு மைக்கில் பேசினார். "நம்ம சாரு ஒரே ஒரு பட்டன அமுக்கி இந்தியாவ ஜெயிக்க வெச்சிட்டாரு. இந்த மாதிரி ஒரு மூள யாருக்கு வரும்?" பந்தல் முழுக்கச் சிரிப்பு. நான் மைக்கை வாங்கி இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். கட்டைவிரலை, கோட்டை, பையை, ரப்பரை. ஒன்றையும் விடவில்லை. அது வேண்டுமென்று செய்ததல்ல, அந்தப் பெண்ணுக்கு நான் செய்த அநியாயம், அதற்குப் போய்ச் சால்வை போடாதீர்கள் என்று சொல்லிச் சால்வையை எடுத்து நாற்காலியில் வைத்தேன். அவர்கள் முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். கீழே இறங்கும்போது தலைமை ஆசிரியர் என் காதோரம் குனிந்தார்.

"நல்லா சமாளிச்சிட்ட சார். கேமரா வேற ஓடிக்கினு இருக்குதில்ல."

இன்றைக்கும் நகரி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக் கண்ணடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முனிரத்தினம்கூட, உன் மனசுல இன்னா இருந்திச்சோ யாருக்குண்ணா தெரியும் என்று ஒருநாள் கேட்டுவிட்டான். தப்பே வராதா என்று கேட்ட பெண்ணுக்குப் பதில், வரும். அதை ஒத்துக்கொண்டால் எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதே. நான் சொன்னதை நம்பியவள் ஒருத்திதான். அவள் என்னால் தோற்றவள், மறுநாள் காலை தலையில் கட்டோடு விமானம் ஏறிப் போய்விட்டாள்.